வளவு சுருங்கிய ஊரும் மாநகரசபையும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, பொத்துவில் ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்குக் கரைக்கு வரும் ஏ4 பெருந்தெரு, அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக வடக்கு நோக்கி ஏறி, மட்டக்களப்பு மாவட்டத்துள் புகுமுன் இறுதியாகத் தொடும் ஊர் பெரியநீலாவணை. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்படும்வரை இங்கு மாவட்ட எல்லையென ஒன்று இருந்ததில்லை. இன்று இவ்வூர் கல்முனை மாநகரசபையின் வடகோடி. இங்கிருந்து தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரம் நீள்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களுள் ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் அறிதல் அரிது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே உள்ளது ஒரு மணல்மேடு. கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிக் காலாற நடப்பவர் அரைமணி நேரத்துக்குள் வயல் வரம்பில் கால்வைத்துவிடுவார்.

இம்மணல்மேடு வளரும் தன்மையதன்று. அதன்மீது வாழும் மக்களோ ஏறக்குறைய ஓரிலட்சம் பேர். வீடு கட்ட அனுமதி வழங்குவது, குப்பை அள்ளுவது, நூலகமும் சந்தையும் அமைப்பது என மாநகரசபையின் வேலைகள் வெவ்வேறாகத் தோன்றினும், இக்கரையில் அவையெல்லாம் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. உள்ள நிலம் யாருக்கு, எதற்கு என்பதே அக்கேள்வி. அது சபை மண்டபத்தில் எழுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டு வளவிலும் எழுந்துவிடுகிறது. ஆகவே வளவிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

கிழக்கிலங்கையின் இப்பகுதியில் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். பெண்ணுக்கு வீடு கொடுத்தல் தந்தையின் கடமை; தந்தையில்லாத இடத்து அது சகோதரரின் கடமை. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இவ்வழக்கம் ஒன்றுபோலவே உள்ளது. மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையில் வேறொரு வீடு கட்டி, இளைய பிள்ளைகளுடன் அங்கே மாறுவர். அடுத்த மகளுக்கு அவ்வீடு போகும். இவ்வாறு தாயும் மக்களும் சகோதரிகளும் ஒரே வேலிக்குள், ஒரே கிணற்றடியில், ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டு வாழும் வாழ்க்கை அமைந்தது. மருமகளாகப் புகுந்த வீட்டில் அந்நியளாக நிற்கும் துயரம் இக்கரையின் பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லை. அதற்கு விலையாக வளவு தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டது.

கணக்குப் பார்ப்பது எளிது. ஒருவருக்கு 20 பேர்ச் வளவும் மூன்று பெண்களும் உண்டென்று கொள்வோம். உள்வீடுகளுக்குப் பாதை விட 2 பேர்ச் கழிந்தால் எஞ்சியது 18. மூவருக்கும் தலைக்கு 6. அவர்களுள் ஒருத்திக்கு இரு பெண்கள் பிறந்தால் அடுத்த தலைமுறையில் தலைக்கு 3. பேரப்பிள்ளைகளின் காலத்தில் வீட்டுக்கும் வேலிக்கும் இடையே ஒருவர் குடைபிடித்துச் செல்லவும் இடமிராது.

இந்த இடத்திற்றான் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. இலங்கையில் கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் பழைய சட்டம் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன்பின் 1946இல் நகர, கிராம அமைப்புக் கட்டளைச் சட்டமும், 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. கடைசியாகக் கூறிய சட்டத்தின்கீழ் 1986இல் செய்யப்பட்ட திட்டமிடல், கட்டட விதிகள், கட்டடம் எழுப்பக்கூடிய நிலத்துண்டின் குறைந்த பரப்பை 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச், என வரையறுத்தன. 2021இல் விதிகள் புதுக்கப்பட்டன. நிலம் சிறுத்துவிட்ட குடும்பத்தின் இக்கட்டு அதனால் தீர்ந்துவிடவில்லை. மேற்சொன்ன உதாரணத்தில் மகளின் வீடு சட்டத்தின் விளிம்பில் நிற்கிறது. பேத்தியின் வீடு சட்டத்துக்கு வெளியே விழுகிறது.

சட்டம் காரணமின்றி இவ்வளவு கண்டிப்பாயிருக்கவில்லை. மணற்பாங்கான இந்நிலத்தில் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறும். அதே மணல் மலக்குழிக் கழிவையும் எளிதில் கீழே இறக்கிவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டுமென்பது சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாக வற்புறுத்திவரும் அளவு. சதுரமான 6 பேர்ச் நிலத்தின் ஒரு பக்கம் 12 மீற்றர், அதாவது 40 அடியளவே. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தாலொழிய அளவு தேறாது. அப்படி வைத்தாலும் அந்த எதிர்மூலை பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அண்மையில் இருக்கும். குழாய்நீர் வந்தபின் குடிப்பதற்குக் கிணற்றை நம்பும் நிலை குறைந்தது உண்மையே. ஆயினும் குளிக்கவும் துவைக்கவும் கிணறே கைகொடுக்கும் வீடுகள் பல.

வீடு கட்டுவோர் வரைபடம் கீறுவித்து, காணி உறுதியின் பிரதியுடன் சபைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்வையிடுவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழியின் இடத்தைக் கவனிப்பார். திட்டமிடற் குழு கூடி முடிவு செய்யும். கட்டி முடிந்தபின், வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கு இசைவுச் சான்றிதழ் பெறுதலும் உண்டு. 3 பேர்ச் நிலத்துக்கு இவ்விண்ணப்பம் வரும்போது சபை மறுத்தால், கலியாண நாள் குறித்துவிட்ட குடும்பம் அனுமதியில்லாமலே அத்திவாரம் வெட்டும். அனுமதியில்லாத வீட்டை ஈடுவைத்து வங்கியிற் கடன் பெறுதல் கடினம். கடன் இல்லையெனில் வீடு பாதியில் நிற்கும். சபை இணங்கினாலோ, அடுத்த வெள்ளத்தில் அத்தெருவின் மலக்குழிகள் நிரம்பி வழியும்போது பழி சபையின்மேலேயே விழும். சட்டப் புத்தகத்தைக் காட்டி மறுப்பதும், முகத்தைப் பார்த்து அனுமதிப்பதும் இரண்டும் எளிது. சின்னஞ்சிறு துண்டுகளில் தனித்தனி வீடு கட்டவிடாமல், ஒரு தாயின் மக்கள் மூவரும் ஒரே அத்திவாரத்தின்மீது மாடிவீடாகக் கட்டி ஒரே குழியை முறையாக அமைத்துக்கொள்ள வழிசெய்வதே அறிவுக்கு உகந்த நடுவழி. வழக்கமும் கெடாது, மண்ணும் கெடாது. அத்தகைய திட்டத்தை வரைந்து கொடுக்கவும் மேற்பார்வை செய்யவும் சபையில் ஆள்வேண்டும். அங்கேதான் சிறிய சபைகள் தளர்ந்துபோகின்றன.

நிலம் உள்ளிருந்து சுருங்கியது போதாதென்று கடலும் தன் பங்குக்கு வந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் மாவட்டங்களுள் இதுவே மிகுதியான இழப்பு. பெரியநீலாவணை முதல் சாய்ந்தமருதுவரை கடற்கரைத் தெருக்கள் அடியோடு துடைத்தெடுக்கப்பட்டன. அடுத்த மாதமே, கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டலாகாதென அரசாங்கம் ஒரு தடைவலயத்தை அறிவித்தது. மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கனவே கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர்வரை கரையோர வலயமென வகுத்திருந்தது. ஆனால் அதில் அனுமதி பெற்றுக் கட்டலாம். இப்புதிய தடையில் அதற்கும் இடமில்லை.

200 மீற்றர் என்பது அகன்ற நாட்டில் ஒரு சிறு கீற்று. அரைமணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய மணல்மேட்டிலோ அது ஊரின் பெரும் பங்கு. பிள்ளையை இழந்தவர், வீட்டை இழந்தவர், மூன்றாவதாக வளவையும் இழக்க வேண்டியதாயிற்று. எங்கே போவதென்ற கேள்விக்கு மேற்கே வயல் என்பதைத் தவிர வேறு விடை இருக்கவில்லை. கடும் எதிர்ப்பின்பின் 2005ஆம் ஆண்டின் முடிவில் இத்தடை தளர்த்தப்பட்டு, இடத்துக்கு இடம் வேறுபடும் குறைந்த அளவுகள் வந்தன. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்ற அளவு ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. சட்டப் புத்தகத்து எண்ணொன்று ஊர்ப்பெயராக மாறுவது அடிக்கடி காணக்கூடியதன்று.

நிலம் இல்லாத இடத்து மாடி எழுந்தது. பெரியநீலாவணையிலும் கல்முனையிலும் ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்குத் தொடர்மாடிகள் கட்டப்பட்டன. கூரை கிடைத்தது, அது பெரிய உதவி. எனினும் தொடர்மாடி வீட்டைப் பகிர முடியாது. பக்கத்தில் ஒரு குசினியைச் சேர்க்க முடியாது. மகள் வளர்ந்தால் மூலையில் இன்னொரு வீடு எழுப்ப மூலையே இல்லை. மேல்மாடியிலிருப்பவரின் குழாய் ஒழுகினால் கீழிருப்பவரின் சுவர் நனையும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அதை வெளியேற்றும் செலவு யாருடையது என்பதில் வழக்கு எழும். தனிவளவில் வாழ்ந்தவருக்கு இது புதிய அனுபவம். பொதுக் கட்டடம் என்பது கட்டி முடிக்கும் நாளிலன்று, அதற்கடுத்த நாளிலிருந்தே செலவு கேட்கத் தொடங்கும். இவ்வுண்மையைத் திறப்புவிழாவுக்கு வருவோர் நினைப்பதில்லை.

மேற்கே வயல் இருக்கிறதே, அதை நிரப்பினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். கல்முனை நகரைக் கரவாகு வட்டைக்குள் விரிக்கும் யோசனை பலமுறை எழுந்ததும் இதனாலேயே. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. சட்டத்தைவிட வலிய தடை ஒன்றும் உண்டு. மாரி மழையில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் இவ்வயல்களிலேயே தங்கி, பின்னர் வடியும். கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்து கல்முனைக்கும் நாவிதன்வெளிப் பக்கத்துக்குமான போக்குவரத்து நின்றுபோவதை இப்பகுதியார் நன்கறிவர். வெள்ளம் தங்கும் இடத்தில் மண் கொட்டினால், தங்கவிருந்த நீர் பழைய தெருக்களுக்கே திரும்பி வரும்.

அன்றியும் வயலென்பது இக்கரையாருக்கு வெறும் வெளிநிலமன்று. மட்டக்களப்புத் தமிழில் நெற்பயிருக்கே ‘வேளாண்மை’ என்று பெயர். பெரியநீலாவணையிற் பிறந்த கவிஞர் நீலாவணன் தம் காவியமொன்றுக்கு அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டார். சோறு தரும் நிலத்தையும் வெள்ளம் தாங்கும் நிலத்தையும் வீட்டு நிலமாக மாற்றுவதற்கு முன் சபை நூறுமுறை யோசித்தல் தகும்.

இனிக் குப்பை. இக்கரையின் குப்பைச் சிக்கல் பெரும்பாலும் வளவு சுருங்கியதன் பிள்ளை. 20 பேர்ச் வளவில் தென்னையும் வாழையும் முருங்கையும் நின்றன. மீன் கழுவிய நீர் வாழையடிக்குப் போயிற்று. செதிலும் முள்ளும் தென்னையடிக் கிடங்கில் புதைந்தன. மிஞ்சிய சோறு கோழிக்கும் ஆட்டுக்கும் ஆயிற்று. போத்தலையும் பழைய தாளையும் வாங்கிச் செல்ல ஆள்வந்தது. சபைக்கு அள்ளுவதற்கு அதிகமொன்றும் இருக்கவில்லை. வளவு 3 பேர்ச்சாகியதும் கிடங்கு வெட்ட இடமில்லை, தென்னையும் இல்லை. அதே காலத்தில் கடைப்பொருள்கள் பொலித்தீனில் வரத்தொடங்கின. அழியும் குப்பையும் அழியாக் குப்பையும் ஒரே பையில் கட்டப்பட்டுப் படலையடியில் வைக்கப்பட்டன. உழவு இயந்திரம் வராத நாள்களில் சில பைகள் கடற்கரைக்கும் சில தோணாவுக்கும் போயின. மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் தோணா குப்பையால் அடைபட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். சாய்ந்தமருதுத் தோணாவைத் துப்புரவாக்குதல் இவ்வூர்களின் தீராத பேச்சுகளுள் ஒன்றாக இருந்து வந்தது. தேங்கிய நீரும் வீதியோர இளநீர்க் கோம்பையும் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாவதைச் சொல்லத் தேவையில்லை.

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தில் நேயர் கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு. சபை சேகரிக்கும் வீதிக் குப்பையும் வீட்டுக் குப்பையும் சபையின் உடைமையாகும். அதை விற்கவும் அகற்றவும் சபைக்கு அதிகாரமுண்டு என 130ஆம் பிரிவு கூறுகிறது. குப்பையைச் சொத்தென்று சொன்ன இவ்விதியை எழுதியோர் எருவைக் கருதியிருத்தல் கூடும். அடுத்த பிரிவு, குப்பையைப் போடத் தகுந்த இடங்களைச் சபையே ஏற்படுத்த வேண்டுமெனக் கட்டளையிடுகிறது. மணல்மேட்டில் அத்தகைய இடம் எங்கேயுள்ளது?

அவ்விடம் பள்ளக்காட்டில் கிடைத்தது. ஆழிப்பேரலையின் பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் அம்பாறை மாவட்டத்தில் திண்மக்கழிவு முகாமைத் திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டன. அட்டாளைச்சேனைக்கு மேற்கே, காட்டு யானைகள் நடமாடும் நிலத்தை அடுத்துள்ள பள்ளக்காட்டில் 2010ஆம் ஆண்டளவில் தொடங்கிய குப்பைமேட்டுக்குக் கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை செல்லலாயிற்று. பெரியநீலாவணையிலிருந்து அது 20 கிலோமீற்றருக்கும் அப்பால். ஒவ்வொரு லொறியும் எரிபொருள் குடித்துக்கொண்டு செல்லும் தூரம் அது. அதன் செலவு சோலைவரியிலிருந்தே வரவேண்டும். இடத்தைச் சுற்றி அமைத்த மின்வேலி 2014இல் இடிவிழுந்து பழுதாயிற்று, அது திருத்தப்படவில்லை. சோற்று மணத்துக்கு வந்த யானைகள் சோற்றுடன் பொலித்தீனையும் உண்டன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த செய்திகளின்படி, எட்டாண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கு மடிந்தன. இறந்த யானைகளை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் உணவுப் பொதிகளும் பொலித்தீனுமே காணப்பட்டன. கல்யாண வீட்டில் சோறு கட்டிய தாள், யார் கண்ணிலும் படாத ஒரு காட்டோரத்தில், ஒரு யானையின் குடலை அடைத்துவிடுகிறது.

கண்ணுக்கு மறைவாகக் குவித்தல் தீர்வாகாதென்பதற்குக் கொழும்பும் சான்று. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், சரிந்து வீடுகளை மூடியதில் 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து மெல்லிய பொலித்தீனுக்கும் சோறு கட்டும் தாளுக்கும் அரசாங்கம் தடைவிதித்தது. தடை நல்லதே. ஆனால் படலையடிப் பையில் கனக்கும் பொருள் பொலித்தீனன்று. எடையிற் பாதிக்கு மேல் மீன்கழிவும் காய்கறித் தோலும் சோறுமாகிய ஈரக் குப்பையே. அது ஊரிலேயே எருவானால் பள்ளக்காட்டுக்குச் செல்லும் லொறிகள் பாதியாகக் குறையும். உண்ண ஒன்றுமில்லாத இடத்துக்கு யானையும் வராது.

இது கைகூடாத கனவன்று. கேரளத்துக் கரையிலுள்ள ஆலப்புழை நகரம் கல்முனைக்கு ஒருவகையில் உடன்பிறப்பு. கடலுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையே அகப்பட்ட தாழ்நிலம், தோண்டினால் நீர், குப்பை கொட்ட இடமில்லை. அந்நகரின் குப்பை நெடுங்காலம் வெளியேயுள்ள சர்வோதயபுரம் என்னும் இடத்துக்குச் சென்றது. அங்குள்ளோர் லொறிகளை மறித்தனர். போக்கிடமற்ற நகரசபை 2012ஆம் ஆண்டிலிருந்து குப்பையைத் தோன்றிய இடத்திலேயே தீர்க்க முனைந்தது. வீடுகளுக்கு மானிய விலையில் சாணவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், எருவாக்கும் குழாய்களும் வழங்கப்பட்டன. இடமில்லாத வீடுகளுக்காகத் தெருமுனைகளில் காற்றோட்டமுள்ள தொட்டிகள் கட்டப்பட்டன. அவற்றில் ஈரக் குப்பையும் சருகும் மாறிமாறி அடுக்கப்பட்டு, சாணத்தின் நுண்ணுயிர்களால் மூன்று மாத அளவில் எருவாகின. காற்று உட்புகுவதால் நாற்றம் அடங்குகிறது. சிறு தொட்டியாதலால் மலைபோற் குவிவதில்லை. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் திண்மக்கழிவை நன்கு கையாளும் உலக நகரங்கள் ஐந்தனுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? பெரியநீலாவணையைத் தொட்டுச் செல்லும் அதே ஏ4 தெருவில் பலாங்கொடை இருக்கிறது. குப்பையிலிருந்து பசளை செய்து விற்பதில் அந்நகரசபை நாடறிந்த பெயர் பெற்றது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008இல் தொடங்கிய ‘பிலிசரு’ திட்டத்தின்கீழ் பல சபைகள் பசளை நிலையங்களைப் பெற்றன. நிலையம் பெற்ற சபைகளெல்லாம் பசளை செய்துவிடவில்லை என்பதும் உண்மை. தரம் பிரியாமல் வந்த குப்பையிலிருந்து செய்த பசளையில் கண்ணாடித் துண்டும் பொத்தானும் கிடந்தால் எந்த விவசாயி வாங்குவான்? கரவாகு வட்டையின் வயல்கள் பக்கத்திலேயே இருக்கும்போது கல்முனையின் எருவுக்குச் சந்தை தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக் குசினியில் இரண்டு வாளி வைக்கும் பழக்கம்தான் தேட வேண்டியது. அப்பழக்கத்தை உண்டாக்க வேண்டுமாயின், பிரித்து வைத்த குப்பையைச் சபையின் உழவு இயந்திரம் மீண்டும் ஒன்றாகக் கொட்டாதிருத்தல் முதல் நிபந்தனை. ஒருமுறை அக்காட்சியைக் கண்ட இல்லத்தரசி மறுமுறை பிரிக்கமாட்டாள்.

இத்தெருமுனைத் தொட்டிகளை எங்கே வைப்பது? எவர் படலைக்கு அண்மையில்? நூலகத்தை எவ்வூரில் எழுப்புவது? மைதானத்தின் ஓரத்தைக் கட்டடத்துக்கு எடுக்கலாமா? நிலம் குறைந்த ஊரில் இவையெல்லாம் கூர்மையான கேள்விகள். கல்முனையில் ஏ. ஆர். மன்சூர் பொது நூலகமும், மருதமுனையில் மசூர் மௌலானா மைதானமும் உள்ளன. ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒன்று கேட்பதில் தவறில்லை. 8 கிலோமீற்றர் நீளமான மாநகரத்தின் நடுவில் வைத்தது இரு கோடிகளுக்கும் தூரமே. வடகோடியான பெரியநீலாவணைப் பிள்ளை நூல் எடுக்கப் பேருந்து ஏற வேண்டும்.

முன்னாளில் இக்கேள்விகளை நான்கு சிறு சபைகள் தீர்த்துவந்தன. கல்முனைக்குப் பட்டினசபை, கரவாகு வடக்கு, கரவாகு மேற்கு, கரவாகு தெற்கு என மூன்று கிராமசபைகள். பெரியநீலாவணையும் மருதமுனையும் கரவாகு வடக்கைச் சேர்ந்தவை. சாய்ந்தமருது கரவாகு தெற்கு. 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தால் நாடெங்கும் பட்டினசபைகளும் கிராமசபைகளும் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் அவற்றை மீட்காமல் பெரிய பிரதேச சபைகளை ஏற்படுத்தியது. நான்காயிருந்தது ஒன்றாயிற்று, பின்னர் அதுவே 2001இல் மாநகரசபையாக உயர்ந்தது. பட்டம் உயர்ந்ததேயன்றிப் பழைய எல்லைகள் மக்கள் மனத்திலிருந்து அழியவில்லை. சாய்ந்தமருது மக்கள் தமக்கெனத் தனிச்சபை கேட்டுப் பல்லாண்டு போராடினர். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகரசபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. சில நாள்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. பிரிப்பதாயின் பழையபடி நான்காகவே பிரிக்க வேண்டுமென்போரும், பிரிக்கவே கூடாதென்போரும் உளர். தமிழர் வாழும் வட்டாரங்களின் நிர்வாகக் கோரிக்கை இதனோடு பின்னிக் கிடக்கிறது. எல்லாத் தரப்பிலும் நியாயமும் அச்சமும் கலந்தேயுள்ளன. ஒன்றுமட்டும் தெளிவு: எத்தனை சபைகளாகப் பிரித்தாலும் மணல்மேடு ஓரங்குலமும் கூடப்போவதில்லை, குப்பைக்கு இடம் தேடும் சபைகளின் எண்ணிக்கையே கூடும். ஊருக்கொரு சபை அமைந்தாலும் குப்பைக்கும் வெள்ளத்துக்கும் கூட்டுச்சபை ஒன்று இன்றியமையாதது.

2018இல் தெரிவான மாநகரசபையின் காலம், ஓராண்டு நீடிப்புடன், 2023 மார்ச்சில் முடிவுற்றது. 2025 மே 6ஆம் திகதி நாட்டின் உள்ளூராட்சிச் சபைகள் 339க்கு வாக்கெடுப்பு நடைபெற்றபோது, நீதிமன்ற வழக்கின் காரணமாகக் கல்முனைக்கு வாக்கெடுப்பு இருக்கவில்லை. 2023 மார்ச்சின் பின் கட்டட விண்ணப்பமும் சோலைவரியும் குப்பையும் ஆணையாளரின் பொறுப்பாயின. உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்யக்கூடும். ஆயினும் ஆணையாளரின் மேசைக்கு வரும் வரைபடத்தில் 3 பேர்ச் என்ற அளவு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அது யாருடைய வளவிலிருந்து பிரிந்த துண்டு, அதன் கிணற்றை எத்தனை வீட்டார் அள்ளுகின்றனர், ஆழிப்பேரலைக்கு முன் அக்குடும்பம் கடற்கரையில் எங்கே குடியிருந்தது என்பவற்றை, மாதாந்த அமர்வில் எழுந்து சொல்லும் வட்டார உறுப்பினரின் நாற்காலி 2023 மார்ச்சில் வெறுமையாயிற்று.